இரண்டு வண்டிகளும் என் வயிறும்

என் கணவருக்கு எந்த விஷயத்திலும் முடிவெடுக்க அரை நிமிஷம் போதும். மில்லுக்கு வரும் நெல்லைக் கையில் அள்ளி, ஒரு மணியைக் கடித்துப் பார்த்தால் வாங்கலாமா வேண்டாமா என்று சொல்லிவிடுவார். என்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்வதைக்கூட போளூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ ஆறுவதற்குள் முடிவு செய்தவர்தான். அப்பேர்ப்பட்ட மனுஷன் இரண்டு கார்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு ஒரு கோடை முழுக்க அல்லாடியதை என் கண்ணால் பார்த்தேன்.

ஒன்று ஜெர்மன்காரன் செய்தது, இன்னொன்று இங்கிலீஷ்காரன் செய்தது. இரண்டும் ஆள் உயரத்துக்கு நிற்கிற பெரிய எஸ்.யூ.வி. இரண்டுமே கண்ணை மூடித் திறப்பதற்குள் நூறைத் தொட்டுவிடும் என்றார். போளூர் பஜாரில் நூறைத் தொட்டு என்ன செய்யப் போகிறீர்கள், முன்னால் போகிற ஆட்டோவின் முதுகில் ஏறப் போகிறீர்களா என்று கேட்டேன். காலையில் அவர் போனின் முகப்பில் ஒரு வண்டியின் படம் இருக்கும். சாயங்காலம் மில்லிலிருந்து வரும்போது மற்றது இருக்கும். சாப்பாட்டு வேளையில் யூடியூபில் யாராவது ஒருவர் இன்ஜினை உறுமவிட்டுக் காட்டிக்கொண்டிருப்பார். சத்தத்தை வைத்தே இது எந்த வண்டி என்று சொல்ல எங்கள் பிள்ளைகள் பழகிவிட்டார்கள். பாடத்தில் அந்த அக்கறை இருந்தால் தேவலை.

"உனக்கு எது புடிச்சிக்கீது, சொல்லேன்" என்று கடைசியில் என்னையும் கேட்டார்.

எனக்கு டர்போவும் தெரியாது, சிலிண்டரும் தெரியாது. தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எந்த வண்டியில் ஏறினால் வாந்தி எடுக்காமல் என் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேருவேன்?

சிரிக்க வேண்டாம். நான் பிறந்தது ஜவ்வாது மலைமேல், நெல்லிவாசல்நாட்டில் ஒரு சின்ன ஊர். அங்கே இருந்தவரை எங்கும் நடைதான். நடந்துபோய் யாரும் வாந்தி எடுத்ததில்லை. ஹாஸ்டலில் சேர முதன்முதலாக பஸ் ஏறிக் கீழே வந்த அன்றைக்குத்தான் என் வயிற்றுக்கும் மலைப்பாதைக்கும் ஆகாது என்று தெரிந்தது. அதற்குப் பிறகு பஸ், ஷேர் ஜீப், மினி லாரி, கல்யாணமானதும் இவருடைய கார் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. எலுமிச்சம்பழத்தை மோந்து பார்த்தேன். புளியங்கொழுந்து மென்றேன். செய்தித்தாளை விரித்து அதன்மேல் உட்கார்ந்தால் வராது என்றார்கள், உட்கார்ந்தேன், வந்தது. மாத்திரை போட்டால் வாந்தி நிற்கும், ஆனால் ஊர் வந்ததே தெரியாத தூக்கம் பிடித்துக்கொள்ளும். மறுநாளும் அது தெளியாது.

பிறந்த வீட்டுக்குப் போவதென்றால் மற்றப் பெண்களுக்குக் கால் தரையில் நிற்காது. எனக்கோ முந்தின நாளே வயிற்றைப் பிசையும். போனதும் படுக்கைதான். எழுந்து உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவதற்குள் திரும்ப இறங்க வேண்டுமே என்ற நினைப்பு வந்துவிடும். அதனால் போவதே குறைந்தது. பொங்கலுக்கு ஒரு தடவை, ஊர்த் திருவிழாவுக்கு ஒரு தடவை, அவ்வளவுதான். அம்மா அண்ணன் வீட்டோடு இருக்கிறாள். முழங்கால் போய்விட்டதால் அவள் கீழே இறங்கி வருகிற நிலையில் இல்லை. ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் முன்பு பார்த்ததைவிடக் கொஞ்சம் சிறுத்திருப்பாள். இப்படியே போனால் இன்னும் எத்தனை தடவைதான் பார்ப்போம் என்று ஒருநாள் சமையலறையில் நின்றபடி நினைத்தேன். நிஜமாகவே பயந்துபோனேன்.

அதனால் இவரிடம் சொன்னேன். "எதுனா வாங்குங்க. ஆனா மலைக்கு ஓட்டிப் பாத்துட்டு வாங்குங்க. என்னியும் ஏத்திகினு."

அவருக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. வளைவுகளில் ஓட்டிப் பார்க்க அவருக்கும் கை துறுதுறுத்துக்கொண்டுதான் இருந்தது.

முதலில் ஜெர்மன் வண்டி வந்தது. கூடவே கம்பெனிக்காரர் ஒருவர், டை கட்டிய, தொப்பை வைத்த நடுவயதுக்காரர். சீட்டெல்லாம் பால் வெள்ளைத் தோல். பின்சீட்டில் நான் செய்தித்தாளை விரித்ததும் அவர் பதறிவிட்டார்.

"மேடம், தோல்ல மை ஒட்டிக்கும்."

"வேற ஒண்ணு ஒட்டறதுக்கு மை பரவால்லைங்க" என்றேன். ஒரு கணம் யோசித்தார். பிறகு அவரே இன்னொரு தாளை வாங்கி என் காலடியிலும் விரித்தார்.

மலை ஏறத் தொடங்கியதும் இவர் ஏதோ ஒரு குமிழைத் திருகினார். ஸ்போர்ட் மோடாம். வண்டி சீறிக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் திரும்ப, என் தலை ஒரு பக்கம் போனால் குடல் இன்னொரு பக்கம் போனது. அப்படியும் பல்லைக் கடித்துக்கொண்டு தாக்குப்பிடித்தேன். அடிவாரத்துச் சந்தைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த ஒரு புருஷன் பெண்டாட்டி, பாதிமலையில் ஓரமாக நின்று கை காட்டினார்கள். காலடியில் ஒரு பலாப்பழம்.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. மேலே ஏறுகிற வண்டியில் இடம் இருந்தால் கை காட்டுகிறவரை ஏற்றிக்கொள்ள வேண்டும். பஸ் எப்போதாவதுதான் வரும், அதனால் வருகிற வண்டிதான் பஸ். அது கோடி ரூபாய் வண்டியா, புளி மூட்டை ஏற்றுகிற வண்டியா என்று யாரும் பார்ப்பதில்லை. இவர் கீழ்நாட்டுக்காரர், நிறுத்தாமல் போகப் பார்த்தார். நான்தான் அதட்டி நிறுத்தினேன்.

அவர்கள் நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். பழம்தான் பேசாமல் வேலையைக் காட்டியது. விற்காமல் போன பழம், நன்றாகப் பழுத்து வெடிக்கிற பதத்தில் என் காலுக்குப் பக்கத்தில் இருந்தது. கண்ணாடியெல்லாம் மூடி ஏசி வேறு. அடுத்த வளைவு வந்ததும் நான் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். அந்தப் பெண் இறங்கி வந்து என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க்கா, இந்த வண்டியில எதுக்குக்கா வந்தீங்க? ஜீப்புல வந்திருந்தா காத்தாட வந்திருக்கலாமே!"

இவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. பின்னால் வந்த ஷேர் ஜீப்பில் அவர்கள் பழத்தோடு ஏறிக்கொண்டார்கள். நாங்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு கீழே இறங்கினோம். தப்பு வண்டிமேல் இல்லை, பழத்தின்மேல்தான் என்று இவர் வீடு வரும்வரை வாதாடினார்.

அடுத்த வாரம் இங்கிலீஷ் வண்டி. அதைக் கொண்டுவந்தவர் ஒல்லியாக இருந்தார், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார், ஆனால் டை அதே டை. இந்த வண்டி காற்றுப்பையின் மேல் நிற்கிறது, குழியில் இறங்கினாலும் தெரியாது என்றார். உண்மைதான், குழி தெரியவில்லை. ஆனால் தூளியில் போட்டு ஆட்டுகிற மாதிரி ஒவ்வொரு வளைவுக்கும் நிதானமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. யாரையும் ஏற்றவில்லை, பழமும் இல்லை. அப்படியும் பாதிமலைகூட ஏறவில்லை, நான் ஓரமாக உட்கார்ந்து குமட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு செலவழித்துச் செய்கிற வண்டியிலேயே முடியவில்லை என்றால் இனி எதில் முடியும்? அம்மாவைப் பார்ப்பது இனி இவ்வளவுதான் என்று மனசு விட்டுப்போனது.

அந்த நேரம் பார்த்து இவருக்கு மில்லிலிருந்து போன். பாய்லரில் ஏதோ கோளாறு. சிக்னல் விட்டு விட்டு வந்ததால் பேசிக்கொண்டே பாதை ஓரத்துப் பாறைமேல் ஏறிவிட்டார். கண்ணாடிக்காரர் எனக்கு முகம் கழுவ ஓடையில் தண்ணீர் பிடிக்கப் போனார். ஏசிக்காக இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, வண்டி வளைவில் நின்றது. பின்னாலிருந்து பஸ் வந்தது.

டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. தலையை வெளியே நீட்டி, "யாருப்பா அது, வளைவுல வண்டிய வுட்டுட்டுப் போனது? எடும்மா, எடு!" என்றார்.

எனக்கு ஓட்டத் தெரியும். போளூருக்குள் பள்ளிக்கூடம், கடை, மில் என்று ஒரு சின்ன வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். ஏறி உட்கார்ந்தேன். பாட்டிலும் கையுமாக ஓடிவந்த கண்ணாடிக்காரர் பக்கத்துச் சீட்டில் தாவி ஏறினார். கொஞ்சம் தள்ளி ஒதுக்கி நிறுத்தலாம் என்றுதான் எடுத்தேன். ஒதுக்க இடம் வந்தால்தானே! ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், பின்னால் பஸ். வளைவுக்கு மேல் வளைவாக அந்த பஸ் என்னை மலைமேல் துரத்திக்கொண்டே வந்தது. "மேடம், சார் கீழயே நிக்கிறாரு மேடம்" என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். நான் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஒரு வழியாக அகலமான இடம் வந்தது. ஒதுங்கினேன். பஸ் கடந்து போனது, கண்டக்டர் கையசைத்தார். அப்போதுதான் கவனித்தேன். வயிறு பேசாமல் இருந்தது. பேசாமல் இருந்தது மட்டும் இல்லை, பசித்தது!

"வண்டி ஓட்றவங்களுக்கு வாமிட் வராது மேடம். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார் அவர், நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

எல்லோருக்கும் தெரியுமாம்! எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே. மலைப்பாதையில் நீ ஓட்டாதே என்று எங்கள் வீட்டில் யாரும் தடுத்ததும் இல்லை. ஆனால் வாந்தி எடுக்கிறவளைக் கொண்டுபோய் யாராவது ஸ்டியரிங்கில் உட்கார வைப்பார்களா? எலுமிச்சம்பழம் கொடுத்துப் பின்னால் உட்கார வைப்பார்கள். நானும் உட்கார்ந்தேன், இத்தனை வருஷம். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

திரும்பிப் போய் இவரை ஏற்றிக்கொண்டேன். பாய்லர் விஷயத்தைப் பேசி முடித்து, போனைக் கையில் பிடித்தபடி நடுரோட்டில் நின்றிருந்தார்.

"வண்டிக்கு இன்னா ஆச்சு?"

"வண்டி நல்லாத்தான் கீது. ஏறுங்க. பின்னாடி."

நூறைத் தொடுவது பற்றி மாதக்கணக்கில் பேசியவர், மலை ஏறி முடிக்கும்வரை பின்சீட்டில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, "மெதுவா... மெதுவாம்மா..." என்று வந்தார்.

எந்த வண்டியை வாங்கினோம் என்று கேட்பீர்கள். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷ் வண்டியைத்தான். ஜெர்மன் வண்டியையும் மறுபடி வரவழைத்து நானே மலையில் ஓட்டிப் பார்த்தேன். அதிலும் வயிறு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் குள்ளம். இங்கிலீஷ் வண்டியில் சீட்டை உயர்த்திக்கொண்டால் பானெட்டின் இடது முனை தெரிகிறது, பள்ளம் எங்கே என்று தெரிகிறது. இவர் ஒரு கோடை முழுக்கக் கேட்ட கேள்விக்கு அதுதான் பதிலாக இருந்தது. வாங்கியதும் அவருக்கும் மூச்சு வந்தது, போனின் முகப்பில் மறுபடி பிள்ளைகள் படம் வந்தது. ஸ்போர்ட் மோடு குமிழ் அவருடையது, பெங்களூர் ரோட்டில் திருகிக்கொள்கிறார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த நாளைப் பற்றி. தார் ரோடு முடிந்து மண்பாதை வந்ததும் கண்ணாடிக்காரர் ஒரு பட்டனை அழுத்தினார், வண்டி எழும்பி நின்றது. குலுங்காமல் ஊருக்குள் போய் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். வருகிறோம் என்று அண்ணனிடம் போனில் சொல்லியிருந்தேன், சத்தம் கேட்டதும் அம்மா காலை இழுத்து இழுத்து வெளியே வந்தாள். நான் வாய் கொப்பளிக்கக் கையில் சொம்புத் தண்ணீர். நேராகப் பின்கதவுக்குப் போய்த் திறந்தாள். உள்ளே மருமகன் உட்கார்ந்திருந்தார்.

அவரிடமே சொம்பை நீட்டினாள். பாவம், அவரும் வாங்கிக் குடித்தார். நான் முன்பக்கம் இறங்கி வந்தேன்.

"நீயா ஓட்டினு வந்த?"

"ஆமாம்மா. சோறு இருக்கா?"

வந்த அன்றைக்கே நான் சோறு கேட்டு அவள் பார்த்ததில்லை. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அம்மா என்னை ஒரு தடவைகூட வந்துவிட்டுப் போ என்று கூப்பிட்டதில்லை. நானாக வரட்டுமா என்று கேட்டாலும், "இப்ப இன்னாத்துக்கு? இங்க ஒண்ணும் வேலையில்ல" என்பாள். கட்டிக்கொடுத்தாயிற்று, இனி அவள் பாடு என்று நினைக்கிறாள் போல என்று எனக்குள் ஒரு குறை இருந்தது. இவரிடம்கூடச் சொன்னதில்லை.

தட்டு காலியானதும் இன்னொரு கை சோறு வைத்தாள்.

"வயித்தப் பொரட்டுதா?"

"இல்லம்மா."

"நெஜமா?"

"நெஜமாத்தாம்மா."

குழம்புச் சட்டியைப் பார்த்தபடியே சொன்னாள். "நீ வந்து வந்து சுருண்டு கெடக்கறதப் பாக்க முடியல. அதான் கூப்புடாமயே இருந்துட்டேன். இனிமே கூப்புடலாம் இல்ல?"

வாயில் சோறு இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்போ அடுத்த வாரமே வா" என்றாள் அம்மா.