தூக்கிப் போட்ட தட்டு

ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குக் கிருமியம்மா என்று பெயர். நோயாளியின் சீழிலும் ரத்தத்திலும் இருக்கும் கிருமியைத் தட்டில் வளர்ப்பது அவள் வேலை. வெவ்வேறு மருந்து ஊறிய சின்னச் சின்ன வில்லைகளை அதன்மேல் வைத்து மூடினால், மறுநாள் காலையில் வண்டவாளம் தெரிந்துவிடும். வில்லையைச் சுற்றிக் கிருமி அண்டாமல் வெற்று வட்டம் விழுந்தால் அந்த மருந்து கேட்கும். விழாவிட்டால் கேட்காது.

வீட்டிலும் அதே கெடுபிடிதான். கை கழுவாமல் யாரும் உட்கார முடியாது. "உன் வீட்டுல சாப்பாட்டுக்கு முன்னாடி சோப்பைத்தான்டி பரிமாறுவே" என்று அக்கா கேலி செய்வாள். அம்மா போன பிறகு அவளை ஆளாக்கியவள் அக்காதான்.

அந்த அக்கா வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து, மாடி வார்டில் காய்ச்சலோடு கிடந்தாள். புண் ஆறவில்லை. சீழ் கிருமியம்மாவின் மேஜைக்கே வந்தது. மறுநாள் பார்த்தால் தட்டில் ஒரு வட்டம்கூட இல்லை. வில்லைகளை ஒட்டி ஒட்டிக் கிருமி படர்ந்திருந்தது. இந்த வேலையில் இருக்கிறவர்கள் சட்டென்று நினைப்பதைத்தான் அவளும் நினைத்தாள்: வில்லை பழசு, வீரியம் போய்விட்டது. தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது வில்லைகளோடு மறுபடி ஆரம்பித்தாள். அடுத்த நாளும் அதே கதி. வில்லையில் குறையில்லை, கிருமிதான் எந்த மருந்துக்கும் அடங்கவில்லை.

இப்படி அடங்காத கிருமிகளைப் பல நாட்டுக் கூடங்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து கண்காணிக்கின்றன. அக்காவின் கிருமியை டப்பாவுக்குள் டப்பாவாகப் பொதிந்து அவர்களுக்கு அனுப்பினாள். கிருமி கேட்பாரில்லாமல் எல்லை தாண்டும். அதைத் துரத்துகிற பார்சலுக்குத்தான் ஆயிரம் முத்திரை.

பதில் வந்தது. இதே கிருமி வேறொரு நாட்டிலும் தென்பட்டதாம். தனித்தனியே தோற்கிற இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் அடங்குகிறதாம். நீங்கள் அனுப்பியதை எங்கள் தேர்வுக்கு வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தார்கள். சரி என்று எழுதினாள். என்ன எழுதினோம் என்பதே அவள் மனதில் நிற்கவில்லை. அக்கா முந்தின நாள் கண்ணை மூடியிருந்தாள்.

"நான் தட்டைத் தூக்கிப் போட்டு அந்த ஒரு நாள் வீணாகாம இருந்திருந்தா, டாக்டர்?" என்று அக்காவுக்கு வைத்தியம் பார்த்தவரிடம் கேட்டாள்.

"சொல்ல முடியாதும்மா."

பொய் சொல்லியாவது தேற்றியிருக்கலாம். அந்த மனுஷருக்கு அது வராது.

பக்கத்துக் கட்டிலில் இருந்த லாரி டிரைவருக்கும் அதே கிருமி. இரண்டு மருந்தையும் ஏற்றினார்கள். பிழைத்து நடந்து வீட்டுக்குப் போனார். அவள் ஜன்னலோரம் நின்று பார்த்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. தாங்கவும் முடியவில்லை.

அந்தக் கூட்டமைப்பு ஆண்டுதோறும் தன் கூடங்களுக்கெல்லாம் தேர்வு வைக்கும். இன்னதென்று சொல்லாமல் சில கிருமிகளை அனுப்பி, தட்டைப் பார்த்து முடிவைச் சரியாகச் சொல்கிறார்களா என்று பார்க்கும். அடுத்த ஆண்டுப் பார்சல் வந்தது. தட்டுகளில் இட்ட மறுநாள், உடன் வேலை செய்கிறவள் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து உதட்டைப் பிதுக்கினாள்.

"ஒரு வட்டம்கூட விழல. வில்லை பழசு போல. தூக்கிப் போட்டுடவா?"

"வேண்டாம், கீழ வை."

அதே கிருமியை வேறொரு தட்டில் இட்டு, டிரைவரைப் பிழைக்க வைத்த அந்த இரண்டு மருந்தின் வில்லைகளையும் அருகருகே வைத்தாள். விடிந்ததும் பார்த்தால், இரண்டுக்கும் நடுவில் மட்டும் கொஞ்சம் இடம் வெறுமையாக இருந்தது.

"இது எங்க அக்காவோடது," என்றாள். "இன்னிக்கு எத்தனை நாட்டுல யார் யார் இதைத் தூக்கிப் போடப் பாக்கறாங்களோ. யாராவது ஒருத்தர் கையைப் பிடிச்சுத் தடுக்கணும்."

கை கழுவப் போனாள். சோப்பைக் கையில் எடுத்ததும் அழுகை வந்துவிட்டது.