பேச்சியம்மாள் வைத்த கைநாட்டு

போன வாரம் எங்கள் செம்பூர் கட்டடத்தை இடித்துக் கட்டச் சம்மதம் கேட்டு குடியிருப்போர் சங்கத்துச் செக்ரட்டரி வந்தார். கையெழுத்துப் போட வராத பக்கத்து வீட்டம்மாவுக்காக ஸ்டாம்ப் பேடும் கொண்டுவந்திருந்தார். அந்த மை வாடை இருக்கிறதே, அது எனக்கு ஆகாது. ஏன் என்று சொல்கிறேன்.

அறுபதுகளில் தாராவியில் குடியிருந்தேன். ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். எங்கள் சந்துக்கு மனு அடித்துக் கொடுப்பவனும் நான்தான். பெரிய கலெக்டர் என்ற நினைப்பு வேறு! எங்கள் வார்டு கார்ப்பரேட்டர் சுடலைமுத்து அண்ணாச்சியும் எங்களைப் போலத் திருநெல்வேலிப் பக்கம்தான். பொதுக் கக்கூஸ் கட்ட வந்த சிமெண்டு அவருடைய மச்சான் வீட்டு மாடியாக எழும்பிவிட்டது என்று பத்திரிகையில் வந்து நாறியது. அடுத்த தேர்தலுக்கு அவருக்கு டிக்கெட் கிடையாது என்று கட்சியில் பேச்சு.

அப்போதுதான் என்னைத் தேடி வந்தார். "தம்பி, எனக்கு டிக்கெட் தரட்டும், தராமப் போவட்டும். போறதுக்குள்ள நம்ம சந்துக்கு ரெண்டாவது குழாய் வாங்கிக் குடுத்துட்டுப் போறேன். ஒரு மனு அடிங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷனையா திருடன் என்கிறார்கள் என்று பத்திரிகைக்காரன் மேல் கோபம் வந்தது.

மேல் தாளில் கோரிக்கை இருக்கும். பின்னால் பெயர்கள் மட்டும் நிறைந்த தாள்கள். எல்லா மனுவையும் அப்படித்தான் கட்டுவோம். குழாயடி வரிசையில் நின்ற பெண்களிடம் போனேன். பேச்சியம்மாள் அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு முதல் ஆளாகக் கைநாட்டு வைத்தாள். ஒவ்வொரு ரேகைக்குப் பக்கத்திலும் பெயரை நானே எழுதினேன். மனுவை அண்ணாச்சி கையில் கொடுத்தேன்.

பத்து நாளில் கட்சி ஆபீசில் கூப்பிட்டார்கள். தமிழ்ப் பெயர்களை வாசித்துச் சொல்ல ஆள் வேண்டுமாம். மேசையில் எங்கள் சந்துத் தாள்கள் கிடந்தன. மேல் தாள் மட்டும் வேறு. அண்ணாச்சி குற்றமற்றவர், அவருக்கே டிக்கெட் தர வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் வேண்டுகிறோமாம்! பக்கத்து நாற்காலியில் அண்ணாச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யே சப் அஸ்லி ஹை க்யா?" என்று கமிட்டிக்காரர் கைநாட்டுகளைத் தட்டிக்காட்டிக் கேட்டார்.

மேல் தாள் பொய் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் அவர் கேட்டது கைநாட்டு அசலா என்றுதானே? "அஸ்லி ஹை" என்றேன். பயம்தான், வேறென்ன.

அண்ணாச்சிக்கு டிக்கெட் கிடைத்தது. சந்துக்குக் குழாய் வரவில்லை. எப்போது வரும் என்று அக்கா கேட்டபோது நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன்.

"அண்ணாச்சி நம்மள ஏமாத்திட்டாருக்கா."

"நான் அவன நம்பியாய்யா விரல வச்சேன்? ஒன்ன நம்பில்லா வச்சேன்."

திட்டக்கூட இல்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது அந்தச் சந்து இல்லை, குழாயடி இல்லை, அண்ணாச்சியும் இல்லை. அவை போனதில் எனக்குப் பெரிய வருத்தமும் இல்லை. ஊரிலிருந்து கடிதம் வந்தால் உறையைப் பிரிக்காமல் நேரே என்னிடம் கொண்டுவருவாள் பேச்சியம்மாள். அது அன்றோடு நின்றது. அதன் பிறகு வந்த கடிதங்களை மாட்டுங்கா வரை நடந்துபோய், முன்பின் தெரியாத யாரிடமோ கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.