மஞ்சள் தண்ணீர் நாளில் வராதவர்கள்

வேலை நேரத்தில் மகளிடமிருந்து தொலைபேசி வந்தால் இப்போதும் நான் முதலில் கேட்பது, "என்னாம்மா, நின்னுருச்சா?" என்பதுதான். அவள் மதியம் சாப்பிட்டேனா என்று கேட்க எடுத்திருப்பாள். அந்த ஒரு காலையில் பிடித்த நடுக்கம் எனக்கு இன்னும் முழுதாக விட்டபாடில்லை.

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ஆபீஸ் கிளாக்கராக இருந்தேன். தொண்ணூறுகளில் ஒருநாள் தோட்டத்து மேலாளரான துரை ஒரு கொம்பியூட்டரைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, படித்த ஆள்தானே, பார்த்துக்கொள் என்று போய்விட்டார். ஹட்டனில் சனிக்கிழமை வகுப்புக்குப் போய் சி மொழி படித்தேன். கொழுந்து நிறுக்கும் மின்தராசிலிருந்து எடையை வாங்கிக்கொள்ளும் நிரல் ஒன்றை எழுதினேன். எழுதி முடிக்க இரண்டு மழைக்காலம் ஆயிற்று. அது ஓடும்போது பக்கத்தில் யாரும் தும்மக்கூடாது என்று ஒரு சட்டமும் போட்டிருந்தேன்.

சில வருடங்கள் கழித்து, பல்கலைக்கழகக் கெம்பஸில் கடைசி வருடம் படித்த மகள், இதே கொழுந்து நிறுவையைத் தன் செயல்திட்டமாக எடுத்துக்கொண்டாள். அவள் எழுதியது பைதன் மொழியில். தோட்டத்துச் செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டில் இருந்த நானூறு பெயர்களின் அன்றைய எடையை, பதிவு வரிசைப்படியே ஒரு பட்டியலாக்கி, அதற்கென நான் சேர்த்து எழுதிய சி பகுதியிடம் தருவாள். அது மொத்தம், ஆகக் கூடிய எடை, சராசரி என்று மூன்று சுற்று வாசித்து விடை சொல்லும். சி பகுதி தோட்ட ஆபீஸுடையது என்று அறிக்கையிலும் எழுதியிருந்தாள். தோட்ட ஆபீஸ் என்றால் நான்.

பைதனில் ஒவ்வொரு பொருளும், தன்னை எத்தனை இடத்தில் பிடித்திருக்கிறார்கள் என்று ஓர் எண்ணிக்கை வைத்திருக்கும். அது பூச்சியமானால் பைதன் அந்தப் பொருளைத் தூக்கி வீசிவிடும். பைதனுக்குள்ளேயே இருப்பவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. வெளியே சி பக்கமிருந்து கை நீட்டுகிறவன்தான் கவனமாக இருக்க வேண்டும். பட்டியலிலிருந்து ஒன்றை எடுக்க இரண்டு வழி உண்டு. ஒரு வழியில் எடுத்தால் எண்ணிக்கை ஒன்று கூடும். வேலை முடிந்ததும் எடுத்தவனே ஒன்றைக் குறைக்க வேண்டும். மற்ற வழியில் சும்மா பார்க்க மட்டும் தருவார்கள். எண்ணிக்கை கூடாது, அதனால் நாமும் குறைக்கக்கூடாது. அந்த இரண்டாவது வழி கொஞ்சம் வேகம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வேலைக்கு வராத ஆளின் இடத்தில் மகள் 'இல்லை' என்ற பொருளை வைத்தாள். பைதனில் அப்படி ஒன்று இருக்கிறது, அதுவும் மொத்தத்துக்கு ஒன்றே ஒன்று. நூறு பேர் வராவிட்டால் நூறு இடத்திலும் நிற்பது அதே ஓர் 'இல்லை'தான்.

நான் முதலில் முதல் வழியில்தான் எழுதியிருந்தேன். எல்லாம் சரியாக ஓடியது. சரியாக ஓடுகிற ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதது என் வியாதி. கெம்பஸிலிருந்து விரிவுரையாளர் வந்து பார்ப்பதற்கு மூன்று நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் இரண்டாவது வழிக்கு மாற்றினேன். பிள்ளையின் திட்டம் வேகமாக ஓடட்டுமே என்று ஒரு ஆசை. சனிக்கிழமைப் பட்டியலைக் கொடுத்துப் பார்த்தேன். அன்று வராதவர்கள் இருபது பேர். ஓடியது. கும்பிட்டுவிட்டு மூடி வைத்தேன்.

அவர் வரும் நாளைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். தோட்டத்து அம்மன் கோயில் தேர் முடிந்த மறுநாள். அன்று மஞ்சள் தண்ணீர் விளையாட்டு. பேருக்குத்தான் வேலை நாள். நிறுவைக் கொட்டகையில் கூட்டம் இருக்காது, யாரும் வயரைத் தட்டிவிட மாட்டார்கள் என்று நினைத்தேன்.

அன்று காலை ஆட்கள் வந்து கூடும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு முடித்த கங்காணி என்னிடம் வந்தார்.

"அறுபத்திரெண்டு பேரு, கிளாக்கரய்யா."

"நானூறுலயா?"

"வந்ததே பெருசுங்க. மத்தவங்க வாளியோட நிக்கிறாங்க. எனக்கே வீட்ல வாளி ரெடியா இருக்கு."

பத்து மணிக்கு விரிவுரையாளர் கினிகத்தேனையில் பஸ் மாறி வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மலைக் குளிருக்குக் கழுத்தில் ஒரு துவாயைச் சுற்றியிருந்தார். முதல் நிறுவை முடிந்தது. மகள் ஓட்டினாள். மொத்தம் வந்தது. கூடிய எடை வந்தது. மூன்றாவதாகச் சராசரி வரவேண்டிய இடத்தில் எல்லாம் மறைந்து ஒரே ஒரு வரி நின்றது. அதன் முதல் சொல்லுக்கு அர்த்தம் உயிர் போகிற பிழை என்பது. மீதியின் சாரம், 'இல்லை'யை அப்புறப்படுத்துகிறேன்.

இல்லாத ஒன்றை எங்கே அப்புறப்படுத்துவது?

"என்ன பிள்ளை, நிண்டிட்டுது?"

"இன்னொருக்கா ஓட்டுறேன் சேர்."

மறுபடியும் அதே இடத்தில் நின்றது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு ரெண்டு மணிக்கு பஸ். அதுக்குள்ள ஓடினா இண்டைக்கே மார்க் போட்டிட்டுப் போவன். இல்லாட்டி அடுத்த வருசத்துப் பிள்ளையளோடதான்."

அடுத்த வருடம்! மகள் என்னைக் கொட்டகையின் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அப்பா, நீங்க எதையாவது தொட்டீங்களா?"

"நானா? சேச்சே. ஞாயித்துக்கெழம பூராவும் நான் கோயில்லதானே இருந்தேன்."

"ஞாயித்துக்கெழமன்னு நான் சொல்லவே இல்லியேப்பா."

நான் குடையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். பயம் வந்தால் எனக்குக் கால்தான் முதலில் வேலை செய்யும். நடக்கும்போது ஒன்று புரிந்தது. இருபது பேர் வராத பட்டியல் ஓடியது. முந்நூற்று முப்பத்தெட்டுப் பேர் வராத பட்டியல் செத்துப்போகிறது. அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? வராதவர்களை வரவைக்க வேண்டும்! நிரலைத் திறந்து பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. தோட்ட ஆபீஸில் இருபது வருடம் இருந்தவனுக்கு, ஆள் குறைந்தால் அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய்க் கூப்பிடத்தான் தெரியும்.

வழியில் மலையை மேற்பார்க்கும் கண்டாக்கு நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"கொம்பியூட்டருக்கு ஆளு பத்தலயா? எனக்கே பத்தலய்யா," என்றார். ஆனாலும் கூட வந்தார்.

லயத்து வாசலில் கால் வைத்ததும் ஒரு வாளி மஞ்சள் தண்ணீர் என் தலையில் விழுந்தது. குடை மடக்கியபடி கையில் இருந்தது.

"ஐயோ, கிளாக்கரய்யாவா! ஆளு தெரியாம ஊத்திட்டேங்க," என்றாள் ஊற்றியவள். ஆள் தெரிந்துதான் ஊற்றினாள்.

"பரவாயில்லம்மா. கூடைய எடுத்துக்கிட்டு நிறுவைக்கு வந்து நின்னா போதும். பெரிய புண்ணியமா போகும்."

"கொழுந்துக்கு எங்கய்யா போறது?"

"வர்ற வழியில ரெண்டு எல கிள்ளிப் போட்டுக்க. எடுத்துக்குவோம்."

"அடியே, இங்க வாங்கடி! காக்கிலோ கொறஞ்சா கண்ண உருட்டுற மனுசன், ரெண்டு எல போதுங்கிறாரு. இவருக்கு என்னமோ ஆயிருச்சு!"

கொழுந்துக்காக வந்தவர்களை விட, எனக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். எப்படியோ நூற்றுப் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். எல்லோரும் மஞ்சள். முன்னால் நானும் மஞ்சள். கோயிலில் மிச்சமிருந்த ஒரு தப்பையும் யாரோ அடித்துக்கொண்டு வந்தார்கள்.

கொட்டகைக்குள் திரையில் மொத்தம், கூடிய எடை, சராசரி மூன்றும் நின்றன. நான் கத்தினேன். "பாத்தியாம்மா? ஆளு வந்ததும் ஓடிருச்சு!"

"அப்பா, உங்க நிரல்ல பிழையா இருந்த வரிய எடுத்து அரை மணித்தியாலமாச்சு."

வெண்கட்டியால் கொட்டகைப் பலகையில் எழுதி அதை விரிவுரையாளருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். முதல் வழியிலிருந்து இரண்டாவது வழிக்கு மாற்றியபோது, வந்த ஆளின் எடையைப் பார்த்து முடிக்கிற இடத்தில் இருந்த குறைப்பை நான் ஞாபகமாக எடுத்துவிட்டேன். வராத ஆளைத் தாண்டிப் போகிற இடத்தில் இருந்த குறைப்பை மறந்துவிட்டேன். ஒவ்வொரு வராத ஆளுக்கும், ஒவ்வொரு சுற்றிலும், அந்த ஒரே 'இல்லை'யின் எண்ணிக்கையிலிருந்து ஒன்று போய்க்கொண்டே இருந்திருக்கிறது. இருபது பேர் என்றால் தாங்கும். மஞ்சள் தண்ணீர் நாளில் மூன்றாம் சுற்றில் பூச்சியம்.

விரிவுரையாளர் தலையாட்டினார். "விளங்குது. உந்த வரி ஆர் எழுதினது?"

மகள் என்னைப் பார்த்தாள். என் மூக்கு நுனியிலிருந்து மஞ்சள் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆபீஸ்ல பழைய ஆளு ஒருத்தரு சேர்."

"அவர் இப்பவும் வேலை செய்யிறாரோ?"

"செய்றாரு சேர். அதான் பிரச்சின."

அவர் யோசித்தார். "சரி. ஒருத்தரும் வராத நாளுக்கு ஓட்டிக் காட்டும், பாப்பம்."

எனக்குப் பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. "ஒருத்தரும் வராட்டியும் ஓடுமாமுல்ல? அப்ப எங்கள எதுக்குய்யா தப்படிச்சுக் கூட்டியாந்தீங்க?"

மகள் நானூறு இடத்திலும் 'இல்லை' போட்டாள். எந்தத் தெய்வத்தைக் கூப்பிடுவது என்று தெரியாமல் தராசுத் தட்டைப் பிடித்துக்கொண்டேன். மொத்தம் பூச்சியம். கூடிய எடை பூச்சியம். சராசரிக்கு, பங்கிட ஆள் யாருமில்லை என்று பொருள்பட ஒரு 'இல்லை'. நிரல் சாகவில்லை.

"பரவாயில்லை. ஆளே இல்லாட்டி பூச்சியத்தால பிரிக்க வந்து விழுந்திருக்கும். ஆரோ முன்கூட்டியே பயந்து தடுத்து வைச்சிருக்கினம்," என்றார்.

"அதுவும் அதே ஆளுதான் சேர்."

ஊரே வேலைக்கு வராத ஒரு நாளைக் கற்பனை செய்து நடுங்கி நான் எழுதிய இரண்டு வரி அது. என் பயத்தை ஒருவர் பாராட்டியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அவர் தாளை எடுத்து மடியில் வைத்து மார்க் போட்டார். போட்ட பிறகுதான் வெளியே காலெடுத்து வைத்தார். துவாயோடு சேர்த்து அவரையும் மஞ்சளாக்கித்தான் பஸ்ஸுக்கு அனுப்பினார்கள்.

கூட்டம் கலைந்ததும் மகள் கேட்டாள். "ஞாயித்துக்கெழம என்னாப்பா செஞ்சீங்க?"

"கொஞ்சம் வேகமாக்கினேன்."

"எவ்வளவு வேகமாச்சு?"

"அளந்து பாக்கல."

"நான் இப்பதான் அளந்தேன். நானூறு பேருக்கும் சேத்து, கண்ண ஒரு தடவ சிமிட்டுற நேரத்துல ஆயிரத்துல ஒரு பங்கு மிச்சம்." கொட்டகை வாசலில் நூற்றுப் பத்துக் கூடைகளிலிருந்து கொட்டிய இரண்டிரண்டு இலைகள் குவிந்து கிடந்தன. அவள் அவற்றைக் காட்டினாள். "இத நீங்களே கூட்டி அள்ளுங்க."

அள்ளினேன். மொத்தம் கால் கிலோவும் தேறவில்லை.