ஷாதிலி வீட்டுத் துக்க அறிவிப்பு

தெற்கு எகிப்தில், சோஹாகில், எங்கள் நாளேட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார்கள். கெய்ரோ பத்திரிகைகளில் அமைச்சர்கள் இருப்பார்கள், எங்கள் ஊர்ச் சாவுகள் இருக்காது. அந்தக் கோபத்தில்தான் ஐம்பது வருஷத்துக்கு முன் ஒரு பஞ்சு வியாபாரி இதைத் தொடங்கினார். யார் இறந்தார், துக்கம் கேட்க எந்த வீட்டுக்குப் போவது என்று பார்த்த பிறகுதான் எங்கள் ஜனங்களுக்குத் தேநீர் உள்ளே இறங்கும்.

அந்தப் பக்கம் இருபத்திரண்டு வருஷம் ருஷ்தியின் கையில் இருந்தது. நான் பிழை திருத்துபவன், அவருக்கு எதிர் மேசை. மனிதர் சரியான பிடிவாதக்காரர். அறிவிப்பு கொண்டுவருபவர் அழுதாலும் புரண்டாலும், அந்த வீட்டு ஆண் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்காமல் அச்சுக்கு அனுப்ப மாட்டார்.

"செத்தவனே எழுந்து வந்து சொன்னாலும் வீட்ல கேட்டுட்டுத்தான் போடுவேன்" என்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு வியாழக்கிழமை கேட்காமல் போட்டார். ஷாதிலி அப்துல் மவ்லா காலமானார், இன்று காலை முதல் வீட்டில் துக்கம் கேட்கலாம் என்று.

ஷாதிலி வாய்க்கால் தகராறில் சுடப்பட்டு நாற்பது நாள் ஆகியிருந்தது. கொலையானவன் வீட்டில் பழி தீர்க்கும்வரை பந்தல் போட மாட்டார்கள். துக்கம் கேட்க வருகிறவனுக்குக் கை கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் பழியை விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். ஷாதிலியின் தம்பி கினாவி எப்போது கிளம்புவான் என்று ஊரே காத்திருந்தது.

அறிவிப்பு வந்த அன்று காலை ஒன்பதரைக்குக் கிளம்பி, நேரே எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டான். பத்திரிகையை ருஷ்தியின் மேசையில் போட்டான்.

"யார் கொடுத்தது இது?"

"என் தப்பு தம்பி. விசாரிக்காம போட்டுட்டேன்."

"தப்பு யாருதுன்னு கேக்கல. யார் கொடுத்தது? அந்தக் கொலைகாரப் பசங்களா?"

"இல்ல."

"பின்ன யாரு?"

ருஷ்தி அடுத்த அறிவிப்பை எடுத்துப் படிக்கத் தொடங்கினார். கினாவி அங்கிக்குள்ளிருந்து கைத்துப்பாக்கியை எடுத்துப் பத்திரிகைமேல் வைத்தான். யார் கொடுத்தது என்று எனக்கும் தெரியும். நான் சொல்லிவிட்டால் ருஷ்தி பிழைப்பார். மூன்று பெண்களைப் பெற்ற மனிதனுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"சரி, நாளைக்கு மறுப்பு போடு" என்றான் கினாவி.

ருஷ்தி தாளை இழுத்து வைத்துக்கொண்டார். "சொல்லு, எழுதிக்கறேன். 'இன்னும் ஆளைக் கொல்லல, அதனால துக்கம் கேக்க யாரும் வரவேணாம்.' கீழ உன் பேரு. போதுமா? போலீஸ் ஸ்டேஷன்லயும் நம்ம பேப்பர்தான் வாங்குறாங்க."

கினாவியின் கை துப்பாக்கிமேல் போனது. அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. ருஷ்தி எடுத்துக் கேட்டுவிட்டு அவனிடம் நீட்டினார். "உன் சித்தப்பா."

கிழவரின் குரல் என் மேசைவரை கேட்டது. "அங்க என்னடா பண்ற? மூணு ஊரு ஜனம் வந்து நிக்குது. உங்கம்மா பொழுது விடியறதுக்கு முன்னாடியே வாசல்ல நாற்காலி போட்டு வச்சிருக்கா. கை கொடுக்க நீ இல்லாம நாங்க என்ன பண்றது?"

கினாவி தொலைபேசியை வைத்தான். எதிரே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

"எங்கம்மாவா வந்தா?"

"நேத்து மத்தியானம். கைநாட்டு வச்சுட்டுப் போனாங்க. 'ஒருத்தனைப் புதைச்சுட்டேன், இன்னொருத்தனைப் புதைக்க எனக்குத் தெம்பு இல்ல'ன்னாங்க. நான் யாருக்குத் தம்பி போன் பண்ணிக் கேக்கறது? உனக்கா?"

கினாவி அறிவிப்பை மறுபடி படித்தான். தம்பி, சித்தப்பா, சித்தப்பா மகன்கள் என்று எல்லார் பெயரும் இருந்தது.

"அவ பேரு இதுல இல்லையே."

"பொம்பளைங்க பேரு போடற வழக்கம் இல்லையே தம்பி."

அவன் எழுந்தான். துப்பாக்கியை ருஷ்தி பக்கம் தள்ளினான். "இத உள்ள வை. இடுப்புல இத வச்சுக்கிட்டுக் கை கொடுக்க முடியாது."

ருஷ்தி ஓய்வு பெறும்வரை அது அவர் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது. கேட்டு யாரும் வரவில்லை.