கூடையோடு நிற்பவள்

ஹேமலதா டீச்சர் ஸ்டாஃப் ரூமில் நோட்டுகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஏற்காட்டில் ஐப்பசி பிறந்துவிட்டால் காகிதம் அப்பளம் மாதிரி நமுத்துப்போகும். சிவப்பு மை ஊறிப் பரவும். அதனால் பெஞ்சில் பழைய போர்வையை விரித்து, பதினொன்றாம் வகுப்பு நோட்டுகளைத் தேய்த்துக் காயவைத்த பிறகுதான் திருத்துவாள்.

"அப்படியே என் சட்டை ரெண்டையும் போட்டுடுங்க டீச்சர்," என்றார் கணக்கு வாத்தியார் அண்ணாதுரை. தினமும் சொல்வதுதான். இன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. கையில் இருந்தது சசிகலாவின் நோட்டு.

ஹேமலதா சேலத்திலிருந்து மலையேறி வந்து பத்தொன்பது வருஷமாகிறது. இங்கிலீஷ் பாடத்தில் ஒரு கதையும், அதைப் பற்றி ஒரு விமர்சகர் எழுதிய கட்டுரையும் இருந்தன. "இவர் சொல்றது சரியா?" என்று வருஷம் தவறாமல் கேட்பாள். பிள்ளைகள் குனிந்து புத்தகத்தையே பார்ப்பார்கள். அச்சில் வந்ததை யார் மறுப்பது?

இந்த ஆடியில் ஒருத்தி மறுத்தாள். கதையில் காப்பித் தோட்டத்துப் பெண் ஒருத்தி மழையில் கூடையோடு நிற்கிறாள். அவள் மலைமக்களுடைய பொறுமையின் வடிவம் என்றது கட்டுரை. சசிகலா எழுந்தாள். அவள் அம்மா கண்ணாயி நாகலூர் எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவள்.

"பொறுமையெல்லாம் இல்லீங்க மிஸ். எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டர் வந்து எடை போடோணும். அதுக்கு முன்னால நகந்தா, பறிச்சது அவ பேர்ல ஏறாது. உள்ளுக்குள்ள அந்தாளைத் திட்டிக்கிட்டேதான் நிப்பா."

"கட்டுரை எழுதுனவரையும் ஒரு மணி நேரம் நிக்க வெக்கலாமுங்க மிஸ்," என்றான் பிரவீன். வகுப்பே சிரித்தது. மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. அன்று முழுக்க ஹேமலதாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

காலாண்டுத் தேர்வில், 'விமர்சகரின் பார்வை என்ன?' என்று ஐந்து மார்க் கேள்வி. சசிகலா தன் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாள். விமர்சகரைப் பற்றி ஒரு வரி இல்லை. போன வருஷம் ஏழு பேர் இங்கிலீஷில் தேறாமல் போனதற்கு, தலைமையாசிரியர் எல்லார் முன்னாலும் ஹேமலதாவை எழுப்பி நிறுத்திக் கேட்டிருந்தார். அதை நினைத்து, விடையின் குறுக்கே கோடு போட்டாள். அதோடு விட்டிருக்கலாம். பேப்பரைக் கொடுக்கும்போது, "கேட்டதை எழுது கண்ணு. உங்க ஊட்டுக் கதைய யாரும் கேக்கல," என்றும் சொல்லிவிட்டாள். அன்றைக்கும் வகுப்பு சிரித்தது.

அதற்குப் பிறகு சசிகலா வகுப்பில் வாயே திறக்கவில்லை. அவளுக்காகவேதான் ஹேமலதா இந்த வாரம், 'கதையைப் பற்றி உங்கள் கருத்து என்ன?' என்று எழுதிவரச் சொல்லியிருந்தாள். நோட்டில் அதே கட்டுரை, கமா பிசகாமல் இருந்தது. பொறுமையின் வடிவம் என்ற இடத்தில் ஸ்கேல் வைத்து அடிக்கோடு.

பள்ளி விட்டதும் அவளை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டாள்.

"இது உன் கருத்தா கண்ணு?"

"புக்குல இருக்குதுங்க மிஸ்."

"அன்னிக்கு வகுப்புல சொன்னியே, அது நொம்ப நல்லாருந்துச்சு. நாந்தான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

சசிகலா போர்வையின் தீய்ந்த ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இதுக்கு மார்க் குறையுங்களா மிஸ்?"

"குறையாது."

நோட்டை நீட்டினாள். இன்னும் சூடாக இருந்தது.

"மார்க்கை விடு. அந்தப் பொம்பள ஏன் நிக்கறா? நீ சொல்லு சாமி."

கீழே நாகலூர் பஸ் ஹாரன் அடித்தது. சசிகலா நோட்டைப் பைக்குள் திணித்து, ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு வெளியே போனாள்.