குடிக்காதவன் செய்த சத்தியம்

ஏறக்குறையப் பத்து வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மலேசியாவில், மெர்லிமாவுக்கு வெளியே செம்பனைக் காட்டோரம் இருக்கும் ஒரு முனீஸ்வரர் கோயிலில், இனிமேல் குடிக்க மாட்டேன் என்று கையில் கயிறு கட்டிச் சத்தியம் செய்தேன். பூசாரி, என் மனைவி, அவளுடைய அண்ணன் மூவரும் சாட்சி. அன்றுவரை நான் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில் எடைமேடைக் கிராணி, அதாவது குமாஸ்தா. பழக்குலை ஏற்றிய லோரி மேடைமேல் ஏறும், எடையைக் குறித்துக்கொள்வேன். கொட்டிவிட்டுக் காலியாகத் திரும்பும், மறுபடியும் குறித்துக்கொள்வேன். சிறு வயதிலிருந்தே நான் பருமன். "மொதல்ல கிராணிய மேடையில ஏத்துங்கடா, மெசின் தாங்குதான்னு பாப்போம்" என்பது லோரிக்காரர்கள் தினமும் சொல்லும் ஜோக். தினமும் நானும் சிரிப்பேன். சம்பளத்தில் அதுவும் அடக்கம் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு வருடம் ஆலை நிர்வாகம் ஊழியர்களுக்கு உடல் இளைக்கும் போட்டி வைத்தது. நான் அரைப்பட்டினி கிடந்து முதல் பரிசு வாங்கினேன். என் படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். கேலி செய்த அதே லோரிக்காரர்கள், "என்னாண்ணே, ஈரோ கணக்கா ஆயிட்டீங்க!" என்றார்கள். நாற்பது வருடமாக யாரும் சொல்லாத வார்த்தை. முதல் பரிசு என்ன தெரியுமா? பிஸ்கட்டும் சாக்லேட்டும் நிலக்கடலை வெண்ணெயும் அடுக்கிய பெரிய கூடை. ஏற்பாட்டாளர்களின் நகைச்சுவை உணர்வை நான் இன்றும் மதிக்கிறேன்.

அந்தக் கூடையை வீட்டுக்குக் கொண்டுபோகவே இல்லை. எடைமேடை அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரே மாலையில் தின்றேன். ருசி தெரியவில்லை, நிறுத்தவும் தெரியவில்லை. கூடை காலியானதும் பயம் வந்தது, பலகையிலிருந்து என் படத்தைக் கழற்றிவிடுவார்கள் என்கிற பயம். அப்படித்தான் தின்றதையெல்லாம் வாந்தியாக வெளியே தள்ளும் பழக்கம் தொடங்கியது. இன்று மட்டும் என்று சொல்லிக்கொண்டேன். அந்த 'இன்று' இரண்டு வருடம் நீண்டது. இத்தனைக்கும் அதனால் நான் இளைக்கக்கூட இல்லை. முகம் வீங்கியது, தலை சுற்றியது, நெஞ்சு படபடத்தது. நிறைந்து வருவதும் காலியாகப் போவதுமாக, நான் எடை போட்ட லோரிகளுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லாமல் போயிற்று.

பெம்பானில் ஒரு கல்யாணத்தில்தான் குடிகாரன் ஆனேன். விருந்து முடிந்து, மண்டபத்துக்குப் பின்னால் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். கண் சிவந்து, கால் தள்ளாடி நின்ற நேரத்தில் மனைவியின் அண்ணன் வந்துவிட்டார். அவருடைய காரின் பின்பெட்டியில், பாட்டில்களோடு, எப்போதும் ஒரு தனிப் பந்தி நடக்கும்.

"மாப்ள! நீங்களுமா?" என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இத்தன வருசமா நல்லவன் வேசம் போட்டீங்களே! ஏன் லா தனியா அடிக்கிறீங்க? நம்ம கார் இல்லியா?"

நான் சிரித்தேன். மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிரித்தேன். பந்தியில் வெற்றிலை வைப்பதற்குள் செய்தி மண்டபம் சுற்றி வந்துவிட்டது.

ஏன் மறுக்கவில்லை? குடிகாரன் என்றால் ஊருக்குப் புரியும். அவனைத் திட்டத் தெரியும், திருத்தத் தெரியும், மன்னிக்கவும் தெரியும். சோற்றை வேண்டுமென்றே வெளியே தள்ளுகிறவனை என்ன செய்வார்கள்? எங்கள் பாட்டன்மார் கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்ததே அந்தச் சோற்றுக்குத்தான். நான் ஓரளவு படிக்கிறவன். படித்த புத்தகங்களில் எல்லாம் பசியால் செத்தவர்கள் இருந்தார்கள். தின்றதற்காக வெட்கப்பட்ட மீசைக்காரன் ஒருவன்கூட இல்லை.

ஆனால் மனைவி விஷயத்தில் நான் செய்தது பெரிய பாவம். அவளுடைய அப்பா தோட்டத்தில் சம்சு என்கிற மலிவுச் சாராயம் குடித்தே ஈரல் வெந்து போனவர். பெண் பார்க்க வந்த மூன்று பேரில் என்னை அவள் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், நான் குடிக்க மாட்டேன் என்பது. அழகுக்காக இல்லை என்பதை அவளே பலமுறை தெளிவுபடுத்தியிருக்கிறாள். பெம்பான் கல்யாணத்திலிருந்து திரும்பிய பிறகு ஒரு வாரம் அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சனிக்கிழமை மட்டும், "நாளைக்குக் கோயிலுக்குப் போறோம். சட்ட எடுத்து வச்சிருக்கேன்" என்றாள்.

முனீஸ்வரர் முன்னால் சுருட்டும், சின்ன பாட்டிலில் சாராயமும் படைத்திருந்தது. சாமி வாங்கிக்கொள்வதை நான் விடுவதாகச் சத்தியம் செய்ய வேண்டும். பூசாரி அனுபவசாலி, விசாரணை முறையாக நடந்தது.

"எத்தன வருசமா தம்பி?"

"ரெண்டு வருசம்." அது மட்டும் ஒருவிதத்தில் உண்மை.

"பீரா, சம்சுவா?"

எனக்கு இரண்டின் நிறமும் தெரியாது. "கலந்து" என்றேன்.

பூசாரி வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "கலக்கக் கூடாது தம்பி. அதான் வயித்தப் பொரட்டுது."

மச்சான் பின்னாலிருந்து ஆமோதித்தார். அப்போது என் மனைவி சாமியைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெறுப்பு என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வாழ்க்கையில் வேறெந்தச் சத்தியத்தையும் நான் இவ்வளவு சுலபமாகக் காப்பாற்றியதில்லை. பக்கத்து வீட்டு அக்கா, "ஒங்களப் பாத்து ஊரே திருந்தணும்" என்றார். நோய் அதன் பாட்டுக்குத் தொடர்ந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பல் கூசத் தொடங்கியது. தண்ணீர் பட்டால் உயிர் போனது. அரசாங்கப் பல் கிளினிக்கில் இருந்தவர் மலாய்க்காரப் பெண், என் வயதில் பாதிதான் இருக்கும். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு வாய்க்குள் நெடுநேரம் பார்த்தார். பிறகு தாதியை ஏதோ கோப்பு எடுத்து வர வெளியே அனுப்பினார்.

"பாக்சிக், குடிப்பீர்களா?" என்று மலாயில் கேட்டார். பாக்சிக் என்றால் மாமா மாதிரி.

"குடித்தேன். விட்டுவிட்டேன். சத்தியம் செய்திருக்கிறேன்" என்றேன். அதற்குள் அந்த வேடத்தில் எனக்கு நல்ல தேர்ச்சி வந்திருந்தது.

அவர் கையுறையைக் கழற்றினார். முக்காலியை இழுத்துப் போட்டு, என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். "குடியைப் பற்றிப் போதும், பாக்சிக். சாப்பிட்ட பிறகு என்ன நடக்கிறது? அதைச் சொல்லுங்கள். பல்லின் உள்பக்கம் அரித்திருக்கிறது. இப்படி நான் முன்பும் பார்த்திருக்கிறேன்."

மரத்துப்போன வாயை வைத்துக்கொண்டுதான் நான் முதன்முதலாக உண்மை பேசினேன். பாதிச் சொற்கள் எச்சிலோடு வழிந்தன. அவர் முகம் சுளிக்கவில்லை. அதற்குப் புலிமியா என்று பெயர் என்றார். எனக்கு ஏதோ பூச்செடியின் பெயர் மாதிரி இருந்தது. ஆண்களுக்கும் வரும், எந்த வயதிலும் வரும், விட்டால் இதயத்தையே பாதிக்கும், ஆனால் வைத்தியம் இருக்கிறது என்றார். மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதித் தந்தார். வாசல் வரை வந்து, "இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். ஒருவர் போதும்" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி சமையலறைத் தரையில் நாளிதழ் விரித்து நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன்.

"நான் குடிக்கல" என்றேன்.

"தெரியும்" என்றாள், நிமிராமல்.

"சத்தியத்துக்கு அப்புறம்னு சொல்லல. எப்பவுமே குடிச்சதில்ல."

"அதான் தெரியும்னேனே. எங்கப்பாகூட பத்தொம்பது வருசம் இருந்தவ நான். எங்கண்ணன் ரோட்டு மொனையில வர்றப்பவே இன்னிக்கி எத்தன போட்டிருக்குன்னு சொல்லிருவேன். உங்க மேல ஒரு நாளு வாட வந்திருக்கா?"

"அப்ப ஏன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போன?"

அவள் கை நின்றது. "குடியா இருந்தாத் தேவலன்னுதான். ஒளிஞ்சு ஒளிஞ்சு வாந்தி எடுக்கிறீங்க. மொகம் வீங்கிக் கெடக்கு. கேட்டா சிரிக்கிறீங்க. வயித்துல ஏதோ கட்டி, எங்கிட்ட மறைக்கிறீங்கன்னு நெனச்சேன். ராத்திரியெல்லாம் மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டு இருப்பேன். சாமி முன்னாடி நின்னா உண்மையச் சொல்லிருவீங்கன்னு பாத்தா, கலந்து குடிச்சேங்கிறீங்க!"

குடிக்குத் தகப்பனைப் பறிகொடுத்தவள், தன் புருஷன் குடிகாரனாகவே இருந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். அதைத்தான் நான் வெறுப்பு என்று படித்தேன். ஓரளவு படிக்கிறவன் என்று மேலே சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கூடையிலிருந்து கிளினிக் வரை. முடிந்ததும், "அப்ப சாவ மாட்டீங்கல்ல?" என்றாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா மாட்டேன்."

நெத்திலிக் கையாலேயே என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு அழுதாள். அழுகை ஓய்ந்து, தலைகளை நாளிதழில் சுருட்டும்போது மெதுவாகக் கேட்டாள்: "நான் ஆக்கிப் போட்டதயுமா?"

சுருட்டிய நாளிதழை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நான் குப்பைக்கு எழுந்தேன்.

மலாக்காவுக்குப் போய் வந்தோம். மருந்தும் இருந்தது, பேச்சும் இருந்தது. ஆலோசகர் வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னார், எந்தச் சாப்பாட்டையும் எதிரியாகப் பார்க்காதே என்றார், சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் தனியாக இருக்காதே என்றார். கடைசி விதியை என் மனைவி தன் பாணியில் அமல்படுத்தினாள். மாலையில் சீக்கிரமே சாப்பிட்டு முடித்துத் தட்டை வைத்ததும், "கிளம்புங்க" என்பாள். என் பழைய கப்சாய் மோட்டார்சைக்கிளில் பின்னால் ஏறிக்கொள்வாள். செம்பனைக்கு நடுவே போகும் சிவப்பு மண் பாதை, மெர்லிமாவ் கடைவீதி, சில நாள் கடல் தெரியும் தூரம் வரை. பெட்ரோல் தீரும்வரை நான் தனியாக இல்லை.

இப்போது நினைத்தால் அந்த மாலைகளுக்காக மனம் ஏங்குகிறது. வெயில் சாய்ந்திருக்கும். ஆலைப் புகையின் புளித்த எண்ணெய் வாசனை காற்றில் வரும். அவள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து கத்திக் கத்திப் பேசுவாள். அவளுடைய அப்பா நிதானமாக இருந்த நாள்களில் எப்படிப் பாடுவார் என்பதை, கல்யாணமாகிப் பதினாறு வருடம் கழித்து, அந்த மோட்டாரில்தான் முதன்முதலாகக் கேட்டேன். "குடிய விட்டதும் பொண்டாட்டிய எப்படி வச்சிருக்காரு பாரு" என்று ஊர் மெச்சியது.

தவறிய நாள்களும் இருந்தன. தவறினால் நானே சொல்லிவிட வேண்டும், அவள் திட்டக் கூடாது என்பது ஒப்பந்தம். அவள் திட்டியதில்லை. பாத்திரங்கள் மட்டும் சற்று உரக்கக் கழுவப்படும்.

சாப்பாடு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. முதலில் தோசை. பிறகு தயிர்ச்சோறு. நாசி லெமாக் சோறு வர ஆறு மாதம் ஆயிற்று. பெம்பான் கடையொன்றில் அவளும் நானுமாக உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து, காரச் சம்பலை ஓரத்திலிருந்து எடுத்து, மெதுவாகத் தின்றேன். தெருவில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி தின்றேன். அதில் தேங்காய்ப்பால் வாசனை இவ்வளவு இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஊரில் இன்னும் நான் திருந்திய குடிகாரன்தான். கணவன்மாரை இழுத்துக்கொண்டு பெண்கள் என்னிடம் வருவார்கள், "எப்படிண்ணே விட்டீங்க?" என்று கேட்பார்கள். குடியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஒளிவதைப் பற்றி நிறையத் தெரியும். அதனால் வீட்டில் ஒருவரிடமாவது முழுசாகச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புகிறேன். இதை எழுதுவதால் அந்த உத்தியோகமும் போகும். எழுதலாமா என்று கேட்டதற்கு மனைவி, "கலந்து குடிச்சேன்னதையும் எழுதுங்க" என்றாள்.

மலாக்காவுக்குப் போகத் தொடங்கி ஒன்றரை வருடம் கழித்து மஸ்ஜித் தானாவில் ஒரு காதுகுத்து விருந்து. வாழையிலை போட்டார்கள். சோறு, சாம்பார், கோழிப் பிரட்டல், அப்பளம், பாயசம். பாயசம் இரண்டாவது முறை கேட்டு வாங்கினேன். வயிறு நிறைந்தது. பழைய பயம் எட்டிப் பார்த்தது, நான் எழுந்திருக்கவில்லை. இலையை மடித்துவிட்டு எதிர்வரிசையில் மனைவியைத் தேடினேன். ஒன்றரை வருடமாக என்னைவிட்டு அகலாத அவள் கண்கள் எங்கே என்று பார்த்தால், பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ வம்பு பேசிச் சிரித்துக்கொண்டு, அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தாள். நான் அந்தப் பந்தியில் இருப்பதே அவளுக்கு நினைவில்லை.

இன்றும் எந்த விருந்திலும் இடையில் ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்ப்பேன். என்னை மறந்து அவள் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள், எனக்கு இதுவரை கிடைத்ததிலேயே பெரிய மரியாதை அந்த மறதிதான்.