சாட்சிக் கையெழுத்து

எங்கள் அமைப்புக்கு இன்றுவரை பெயர் கிடையாது. பெயருக்காகவே மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சண்டை போட்டோம். 'பகுத்தறிவு' வேண்டும் என்றார் ஒருவர். அதைக் கேட்டாலே கட்சிக்கொடி ஞாபகம் வருகிறது, வேண்டாம் என்றார் இன்னொருவர். 'கடவுள் இல்லாதவர்கள்' என்று வைக்கலாமே என்று நான் சொன்னதற்கு, "வீடு இல்லாதவங்கன்னு சொல்ற மாதிரி இருக்கும்மா" என்று எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் வாட்ஸப் குழுவுக்கு மட்டும் 'ஞாயிறு நாலு மணி' என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது.

வீடும் இல்லைதான். திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சமுதாயக் கூடத்தில் பஜனை நடக்கலாம், வளைகாப்பு நடக்கலாம், பாத்திரக் கம்பெனிக்காரர் வந்து குக்கர் விற்கலாம். ஏழு பேர் உட்கார்ந்து பேச இடம் கேட்டால் மட்டும், "என்ன பேசுவீங்க? யாரைத் திட்டுவீங்க? எழுதிக் குடுங்க" என்றார்கள். எழுதிக் கொடுத்தேன், நாலு பக்கம். அதைப் படித்துப் பார்க்காமலேயே 'ஊர் அமைதி' என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த அமைதி ஒலிபெருக்கியில் விடியற்காலை நாலரைக்கே தொடங்கிவிடும்.

இடம் கொடுத்தவர் மோட்டார் காயில் கட்டும் அண்ணன். வயலில் போர்செட் மோட்டார் எரிந்துபோனால் சுற்றுப்பட்டு விவசாயிகள் அவருடைய ஷெட்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். "கண்ணு பட்டுடுச்சு தம்பி" என்பார்கள். "வோல்டேஜ் பட்டிருக்கு மாமா" என்று சொல்லிக்கொண்டே, மோட்டாரில் கட்டியிருக்கும் எலுமிச்சம்பழத்தை அவிழ்த்து அவர்கள் கையிலேயே கொடுப்பார். "இதை ஜூஸ் போட்டுக் குடிங்க, வெயிலுக்கு நல்லது." யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அவர் கட்டிய காயில் எரியாது.

ஷெட்டுக்கும் அவர் வீட்டுப் பின்வாசலுக்கும் நடுவே இருபது அடி. கூட்டம் நாலு மணிக்கு, டீ நாலரைக்கு. அண்ணி கொண்டுவந்து ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவார். மகள் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்ததால் வீட்டில் அவர்கள் இருவர் மட்டும்தான். கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண். பெண் விடுதலை பற்றி இரண்டு வாரம் கட்டுரை வாசித்தவளும் நான்தான். "உள்ள வாங்கண்ணி" என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவர் நெற்றியில் விபூதி இருக்கும். அவரைப் பற்றி நான் தெரிந்துகொள்ள வேண்டியது அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, கல்லூரியில் இயற்பியல் நடத்தும் தோழர் உடல்தானப் படிவங்களைக் கொண்டுவந்தார். செத்த பிறகு உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுப்பது. எரிப்பதும் இல்லை, சடங்கும் இல்லை. எங்களுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பேசிப் பேசி வாய் வலித்தவர்களுக்குச் செய்ய ஒரு காரியம் கிடைத்துவிட்டது! படிவத்தின் அடியில் இரண்டு சாட்சிகளுக்கு இடம். அதில் ஒருவர் நெருங்கிய உறவினர் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

"வீட்டுல காட்டி கையெழுத்து வாங்கிட்டு அடுத்த வாரம் குடுத்துடலாமே" என்று யாரோ இழுத்தார்.

"வீட்டுல காட்டினா விளங்கிடும்" என்றார் அண்ணன். "ஏன், நம்மல்லாம் உறவு இல்லையா? கொள்கை உறவு. போடுங்கப்பா."

கைதட்டினோம். ஒருவர் படிவத்தில் இன்னொருவர் சாட்சி. அண்ணனுக்கு நானும் இயற்பியல் தோழரும். எனக்கு அண்ணனும் இன்னொரு தோழரும். படிவங்களை விசிறிபோல் பிடித்துப் படம் எடுத்து முகநூலில் போட்டோம். நானூறு பேர் பார்த்தார்கள், இருபது அடி தள்ளி இருந்தவரைத் தவிர.

தை மாதக் கடைசியில், சம்பா அறுவடை நேரம். காலை ஏழு மணிக்கு யாரோ ஒருவருடைய வயலில் போரிலிருந்து மோட்டாரை மேலே இழுத்துக்கொண்டிருந்த அண்ணன், "கொஞ்சம் இருங்க" என்று வரப்பில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. மருத்துவமனையில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். ஒன்பதரைக்கு உடல் வீட்டுக்கு வந்துவிட்டது.

படிவத்தின் நகலோடு நான் ஓடினேன். அண்ணனின் விருப்பம் அந்தத் தாளில் இருக்கிறது, அதை நிறைவேற்ற வேண்டும், என் தலையில் வேறெதுவும் இல்லை. குழுவில் செய்தி போட்டேன். கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. ஒருவருக்கு ஆடிட், ஒருவருக்கு அதே தெருவில் பெண் எடுத்த சங்கடம். வந்தது என்னையும் சேர்த்து மூன்று பேர். இயற்பியல் தோழர் போனில் மட்டும் வந்தார்: "சட்டம் நம்ம பக்கம் இருக்கும்மா. விடாதே, பேசு." சட்டத்தைப் பேச அவருக்கு என்ன, கல்லூரியில் மின்விசிறிக்கு அடியில் இருந்தார்!

வாசலில் பாடைக்குப் பச்சை மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணனின் மூத்தவர் துண்டை உதறிக்கொண்டு நின்றார். வாய்க்கால் தகராறில் தம்பியோடு நாலு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாதவர். படிவத்தை நீட்டினேன்.

"யாரும்மா நீ?"

"அண்ணனோட தோழிங்க. சாட்சிக் கையெழுத்து போட்டிருக்கேன்."

"எதுக்குச் சாட்சி? அவன் ரத்தத்துக்கா?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், சாவு வீட்டில். "கொள்ளி போட எம்மவன் இருக்கான். பசங்க அறுத்துப் படிக்க இவன் என்ன தவளையா?"

"அவர் ஆசைங்க."

"உசிரோட இருந்தப்ப நீங்க வெச்சிருந்தீங்க. இப்ப எங்களுக்கு."

நாலு வருஷம் ஒரு 'நல்லா இருக்கியா' கேட்காத மனிதர், உயிர் போனதும் உரிமையோடு வந்து நிற்கிறார். உயிரோடு இருப்பவனோடு வராத பங்காளித்தனம் பிணத்தோடு எப்படி வருகிறது? அங்கேயே நின்று மருத்துவக் கல்லூரிக்குப் போன் போட்டேன், எல்லோர் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரில். எடுத்த அம்மா பொறுமையாகத்தான் பேசினார்.

"சாட்சி ரெண்டு பேருமே வெளியாளா? அப்படின்னா அவங்க சம்சாரத்துக்கிட்ட ஒரு வரி எழுதி வாங்குங்கம்மா. அவங்க சரின்னா உடனே வண்டி அனுப்பறோம். அவங்க வேண்டாம்னா எங்களால தொட முடியாது."

ஆக, பெரியவரும் இல்லை, சட்டமும் இல்லை. அண்ணி ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

உள்ளே பெண்களுக்கு நடுவில் அண்ணி சுவரில் சாய்ந்திருந்தார். மகள் விடுதியிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். அழுகையை நிறுத்திவிட்டுத் தாளை வாங்கிப் படித்தார். நிதானமாக, சின்ன எழுத்து உட்பட.

"இந்தத் தேதி... ஞாயித்துக்கிழமையா?"

"ஆமாண்ணி."

"மழை பேஞ்சுது. வாழைக்காய் பஜ்ஜி போட்டேன். ரெண்டு தட்டு." என்னை நிமிர்ந்து பார்த்தார். "பஜ்ஜி வெக்க வந்தேனே பாப்பா. இதெல்லாம் அப்ப மேஜை மேலதான கெடந்துச்சு?"

தாளை வாங்கக் கை நீட்டினேன். அண்ணி விடவில்லை.

"ஏழு பேருக்குத் தெரியும். ஊரெல்லாம் போட்டோ போட்டிருக்கீங்க. இருபத்தோரு வருஷம் கூட இருந்தவளுக்குத் தெரியாது. டீ மட்டும் எங்கிட்ட. அவரு ஆம்பளை, வாய்க்குள்ளேயே வெச்சிருப்பாரு, அவரு புத்தி எனக்குத் தெரியும். நீ பொம்பளைதான? நீயும் சொல்லணும்னு தோணலையா?"

"முன்னாடியே கேட்டிருந்தா என்னண்ணி சொல்லியிருப்பீங்க?"

"சண்டை போட்டிருப்பேன். மூணு நாள் பேசாம இருந்திருப்பேன். அப்புறம் அவரு ஏதாவது கிறுக்குத்தனமா சொல்லிச் சிரிக்க வெச்சிருப்பாரு. போட்டிருப்பேனோ என்னவோ." சுற்றியிருந்த பெண்களைப் பார்த்தார். "இன்னைக்கு எப்படிம்மா? இத்தனை பேரு நடுவுல, என் கையால எழுதிக் குடுத்துத் தூக்கி அனுப்பச் சொல்றியா? முடியாது. போ."

படிவத்தை மடித்து என் மடியில் வைத்தார். கசக்கவில்லை.

பெரியவர் மகனுக்கு மொட்டை போட்டார்கள். தாரை, தப்பட்டை, வெடி, அண்ணன் எதையெல்லாம் கிண்டல் செய்தாரோ அதெல்லாம் முன்னால் போக, குடமுருட்டி ஆற்றங்கரையில் எரித்தார்கள். நான் தெருமுனைவரை போனேன்.

வீட்டுக்கு வருவதற்குள் குழுவில் வீரம் திரும்பியிருந்தது. 'பழமைவாதிகளிடம் தோழரின் உடலைப் பறிகொடுத்தோம்' என்று இயற்பியல் தோழர் எழுதியிருந்தார். 'துணைவியார் உறுதியாக நிற்கவில்லை' என்று அடியில் இன்னொருவர், ஆடிட் இருந்தவர். எனக்கு வந்த கோபத்தில் தட்டச்சே சரியாக வரவில்லை. துணைவியாராம்! அந்தத் துணைவியார் கையால் ஒன்றரை வருஷம் டீ குடித்தவர்களில் ஒருவருக்காவது அவர் பெயர் தெரியுமா? எழுதினேன்: 'மேடையில் நம்பிக்கையை உடைக்கிற நமக்கு, சமையலறைவரை போய்ப் பேசத் தைரியமில்லை. படிவம் வீட்டில் தெரியும் என்று சொல்லக்கூடியவர் யார்? ஒரே ஒருவர் கை தூக்குங்கள்.'

எல்லோரும் படித்ததற்கு நீல டிக் வந்தது. ஒரு கையும் எழவில்லை. இரண்டு பேர் குழுவை விட்டு விலகினார்கள். அப்போதுதான் உறைத்தது: என் கையும் எழக்கூடியதில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலு மணிக்கு அல்ல, காலையில், அண்ணியைப் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்க ஒரு முழுப் பேச்சைத் தயாரித்து வைத்திருந்தேன். பாதியில் நிறுத்தினார்.

"உன்னோடதுல அவருதான சாட்சி?"

"ஆமாண்ணி."

"அப்ப உனக்கு இப்ப ஒரு சாட்சி கொறையுது. உங்க அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்லண்ணி."

"சொல்லிட்டு வா. அப்புறம் ஷெட்டைத் தொறந்து விடறேன். எனக்கும் ஒரு நாற்காலி போடுங்க. என்னதான் பேசறீங்கன்னு கேக்கணும்."

இயற்பியல் தோழரிடம் புதுப் படிவம் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சொன்னேன். முதலில் புரியவில்லை. புரிந்ததும் கீரை முறத்தை அப்படியே தள்ளினார்.

"எனக்கு முன்னாடி போயிடலாம்னு இருக்கியாடி?"

"யார் முன்னாடி, யார் பின்னாடின்னு இல்லம்மா..."

"பெத்து வளத்த ஒடம்ப யாருக்கோ எழுதிக் குடுப்பியா? என்னைக் கேட்டியா நீ?"

"அதத்தாம்மா இப்ப கேக்கறேன்."

நான் ஒரு மணி நேரம் பேசினேன். அம்மா இரண்டு மணி நேரம் கத்தினார். ஊரில் எத்தனையோ பேரிடம் வாதம் செய்திருக்கிறேன், இவ்வளவு உக்கிரமான எதிராளியை ஒரு கூட்டத்திலும் பார்த்ததில்லை. கடைசியில் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

படிவம் டி.வி.க்கு அடியில் இருக்கிறது. அதன்மேல் அம்மா தன் மூக்குக்கண்ணாடியை வைத்திருக்கிறார். படித்தாரா, பறக்காமல் இருக்க வைத்தாரா, தெரியவில்லை. கேட்கவும் முடியாது. என்னோடு பேசுவதில்லை. இன்று இரண்டாவது நாள்.